உள்ளங்கை அளவு ஒற்றைச் செல்லைப் புது இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி இது: "பசிபிக் ஆழ்கடலில் உள்ளங்கை அளவுள்ள ஒற்றைச் செல் உயிரிகளில் நான்கு புது இனங்கள் கிடைத்ததாகப் படித்தேன். படத்தைப் பார்த்தால் காய்ந்த மண்கட்டி மாதிரி இருக்கிறது. ஒரே செல் எப்படி இவ்வளவு பெரிதாகும்? அது உயிரிதான், அதுவும் புது இனம்தான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

மண்கட்டி என்று உங்களுக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. படத்தில் தெரிவது பெரும்பாலும் மண்தான். உயிருள்ள பகுதி அதற்குள்ளே மெல்லிய நூல் நூலாக ஓடுகிறது. மொத்தக் கன அளவில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. மீதியெல்லாம் அந்தச் செல் கடல் தரையிலிருந்து பொறுக்கி ஒட்டிக் கட்டிய கூடும், அது வெளியே கொட்டாமல் சேர்த்து வைத்திருக்கும் கழிவும்தான். ஆகவே "உள்ளங்கை அளவு செல்" என்ற செய்தித் தலைப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கறையான் புற்றைப் பார்த்து ஆளுயரக் கறையான் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. புற்றில் லட்சக்கணக்கான கறையான்கள் இருக்கும். இந்தக் கூட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு செல்.

இந்த உயிரிகளின் பெயர் ஸீனோஃபயோஃபோர். கிரேக்கத்தில் "அந்நியப் பொருளைச் சுமப்பது" என்று பொருள். ஃபொராமினிஃபெரா என்ற பெரிய ஒற்றைச் செல் கூட்டத்தில் இவை ஒரு பிரிவு. ஃபொராமினிஃபெராவில் பெரும்பாலானவை மணல் பருக்கை அளவுதான். கல்லூரி நாட்களில் கடற்கரை மணலைச் சல்லடையில் கழுவிக் காயவைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்த பழக்கம் எனக்கு உண்டு. நத்தை போலச் சுருண்டது, சாடி போன்றது, பூந்தி முத்துகளை ஒட்டி வைத்தது போன்றது என்று ஒரு சிட்டிகை மணலில் பத்து வகை கிடைக்கும். அதே குடும்பத்தில் தூரிகையால் தொட முடியாத, இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய உறவினர் உண்டு என்று கேட்டபோது நான் முதலில் நம்பவில்லை.

நீங்கள் படித்த செய்தி 2020-இல் வந்த ஆய்வைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே கிளாரியன்–கிளிப்பர்ட்டன் மண்டலம் என்று ஒரு மாபெரும் ஆழ்கடல் சமவெளி இருக்கிறது. 2018-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் 'கிலோ மோவானா' கப்பல் அதன் மேற்குப் பகுதிக்குப் போனது. பயணத்தின் தலைமை விஞ்ஞானி கிரெய்க் ஸ்மித். 'லூஉகாய்' என்ற, கப்பலிலிருந்தே இயக்கும் ஆழ்கடல் இயந்திரத்தைச் சுமார் 5,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அதன் கையால் இந்தக் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். விவரித்துப் பெயர் வைத்த குழுவில் முதல் பெயர் ஆண்ட்ரூ குடே. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் தேசியக் கடலியல் மையத்துக்காரர். ஸீனோஃபயோஃபோர் பற்றி எதைப் படித்தாலும் அவர் பெயரில் போய் முட்டாமல் இருக்க முடியாது. மரபணு வேலை ஜெனீவாவில் மரியா ஹோல்ஸ்மன், யான் பாவ்லோவ்ஸ்கி ஆகியோருடையது.

அந்த நான்கு இனங்கள்: அபிசாலியா ஃபோலிஃபார்மிஸ், அபிசாலியா ஸ்ஃபெரிக்கா, மோவானம்மினா செமிசர்குலாரிஸ், சம்மினா டார்ட்டிலிஸ். அபிசாலியாவும் மோவானம்மினாவும் பேரினங்களாகவே புதியவை. மோவானா என்றால் ஹவாய் மொழியில் பெருங்கடல். அம்மோஸ் என்றால் கிரேக்கத்தில் மணல். மணல் ஒட்டிக் கூடு கட்டும் ஃபொராமினிஃபெராக்களின் பெயர்களில் 'அம்மினா' என்ற வால் வழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மோவானம்மினா ஒரு காம்பின் மேல் விரித்த விசிறி போன்றது. உயரம் சுமார் 7 செ.மீ., அகலம் சுமார் 9 செ.மீ. உங்கள் உள்ளங்கைக் கணக்கு இதிலிருந்துதான் வந்திருக்கும். டார்ட்டிலிஸ் மெல்லிய தகடு, வெயிலில் காயப்போட்ட வடகம் போல இஷ்டத்துக்கு முறுக்கிக் கொண்டது.

எனக்குப் பிடித்தவை அபிசாலியாக்கள். ஒன்று இலை வடிவம், மற்றது ஏறக்குறைய முழு உருண்டை. இரண்டும் கூடு கட்ட மண்ணைத் தொடவே இல்லை. கண்ணாடிக் கடற்பஞ்சுகள் செத்து உதிர்த்த சிலிக்கா ஊசிகளை மட்டும் பொறுக்கி, பின்னி, வலைபோல நெய்திருக்கின்றன. அங்கே கடல் தரை முழுக்கச் சேறு. ஊசிகள் அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். கண் இல்லை, மூளை இல்லை, நரம்பு என்ற பேச்சே இல்லை. ஒரு செல், இது வேண்டும் இது வேண்டாம் என்று தேர்ந்தெடுத்துக் கட்டுகிறது. தூக்கணாங்குருவி நாரைத் தேடுவதுபோல என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் குருவிக்கு மூளை உண்டு.

இனி அளவுக்கு வருவோம். செல் என்றாலே சின்னது என்று பள்ளியில் படித்ததற்குக் காரணம் உண்டு. உணவும் ஆக்சிஜனும் செல்லின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். செல் பந்துபோலப் பெருத்தால் கன அளவு ஏறுகிற வேகத்துக்கு மேற்பரப்பு ஏறாது. நடுவில் இருப்பது பட்டினி கிடக்கும். ஸீனோஃபயோஃபோர் இந்தக் கணக்கை மீறவில்லை. சுற்றிக்கொண்டு போகிறது. உயிருள்ள பொருள் பந்தாக இல்லாமல், கிளை கிளையாகப் பிரியும் நூலாக ஓடுவதால் எந்தப் புள்ளியும் வெளிப்பரப்பிலிருந்து தூரத்தில் இல்லை. ஒரே உட்கரு எல்லா இடத்துக்கும் உத்தரவு அனுப்ப வேண்டியதும் இல்லை. ஏராளமான உட்கருக்கள் அந்த நூல்களுக்குள் பரவிக் கிடக்கின்றன. நடுவே குறுக்குச் சுவர் மட்டும் இல்லை. அதனால்தான் ஒற்றைச் செல் என்கிறோம்.

இது கடலில் இவை மட்டும் செய்யும் வித்தை இல்லை. மன்னார் வளைகுடாவில், மண்டபம் பக்கம் வளரும் கடல் திராட்சைப் பாசியான காலெர்ப்பாவும் இப்படித்தான். தண்டு, இலை, வேர் மாதிரி எல்லாம் இருக்கும், ஆனால் குறுக்குச் சுவர் இல்லாத ஒரே செல். நீளத்தில் அது ஸீனோஃபயோஃபோரைத் தோற்கடித்துவிடும். ஆகவே "உலகிலேயே பெரிய செல்" என்று எழுதுகிறவர்களிடம், எதில் பெரியது என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

2011-இல் மரியானா அகழியில் 10,641 மீட்டர் ஆழத்தில் கேமரா இறக்கி ஸீனோஃபயோஃபோர்களைப் படம் பிடித்தபோது, பல பத்திரிகைகள் "ராட்சத அமீபா" என்று எழுதின. படித்தவர்கள் கூழ்போல ஊர்ந்து வரும் ஏதோ ஒன்றைக் கற்பனை செய்துகொண்டார்கள். இவை ஊர்வதில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்; மேலே இருந்து உதிரும் மக்கிய துகளைத் தின்னும்.

கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? இரண்டு விதமான நூல்கள் தெரியும். ஒன்று வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை நிறம். மெல்லிய உறைக்குள் ஓடும் உயிர்ப்பொருள் அதுதான். அதற்குள் பேரைட் படிகங்கள், அதாவது பேரியம் சல்பேட்டின் நுண்ணிய மணிகள், நெருக்கமாகப் பதிந்திருக்கும். மற்றது கரும்பழுப்பு அல்லது கறுப்பு. செல் தின்று வெளியேற்றிய உருண்டைகளைச் சரம் சரமாகக் கோத்து உள்ளேயே வைத்திருப்பது. சொல்லப்போனால் தன் சாணத்தையே வீட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிறது. அதில் பாக்டீரியா வளரவிட்டுப் பிறகு தின்கிறதா என்ற யோசனை ஆய்வாளர்களிடம் நெடுநாளாக உண்டு. இந்த இரண்டு நூல்களும் சேர்ந்து இருந்தால்தான் அது ஸீனோஃபயோஃபோர். வெளியே எவ்வளவு அழகான விசிறியாக இருந்தாலும் உள்ளே இவை இல்லையென்றால் வேறு ஏதோ ஒன்று. கூடு இருந்து நூல் மட்டும் மக்கிப் போயிருந்தால், ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு. கடல் தரைப் படங்களில் தெரியும் கூடுகளில் எது குடியிருக்கும் வீடு, எது காலி வீடு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது பல நேரம் முடியாத காரியம்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 1882-இல் 'ட்ரைட்டன்' என்ற பிரிட்டிஷ் கப்பல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபாரோ கால்வாயில் வலை இழுத்தபோது, குழாய் குழாயாகக் கிளைத்து இடியாப்ப உருண்டை போலிருந்த ஒன்று வந்தது. தொட்டால் உதிர்ந்தது. ஹென்றி பௌமன் பிராடி 1883-இல் அதற்கு சிரிங்கம்மினா ஃப்ராஜிலிசிமா என்று பெயர் வைத்தார். ஃப்ராஜிலிசிமா என்றால் படு நொறுங்கலானது. எடுத்தவர்களின் எரிச்சல் பெயரிலேயே இருக்கிறது. மணல் ஒட்டும் ஒற்றைச் செல் உயிரி இது என்று அவர் சரியாகவே சொன்னார்.

ஆனால் 1889-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் விலங்கியலாளர், 'சேலஞ்சர்' ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த இதே வகைக் கூடுகளைக் கடற்பஞ்சு, அதாவது பல செல் விலங்கு, என்று அறிவித்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்தவற்றில் ஸ்டான்னோஃபில்லம் என்ற வகைக்குக் கூட்டை இறுக்கிப் பிடிக்க நார்கள் உண்டு. அவை குளியல் பஞ்சின் நார்களை அச்சு அசலாக ஒத்திருக்கும். கூடும் நொறுங்காமல் இலைபோல வளையும். 1892-இல் ஆக்சல் கோயஸ் என்ற சுவீடன்காரர், பசிபிக்கில் 'அல்பட்ராஸ்' கப்பல் எடுத்த ஓர் இலைக்கூட்டை ஃபொராமினிஃபெரா என்று சொல்லி நியூசினா என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷமே அது ஹெக்கல் பெயர் வைத்த அதே ஸ்டான்னோஃபில்லம்தான் என்று இன்னொருவர் காட்டிவிட்டார். ஒரே உயிரிக்கு விலங்கு என்று ஒரு பெயர், ஒற்றைச் செல் என்று ஒரு பெயர். பெயரிடல் விதிப்படி முந்தியதே நிற்கும் என்பதால், உயிரி எது என்பதில் தவறு செய்த ஹெக்கலின் பெயர் நிலைத்தது. சரியாகச் சொன்ன கோயஸின் பெயர் அடிக்குறிப்புக்குப் போனது. பெயரிடும் விதி யார் சொன்னது சரி என்று பார்ப்பதில்லை, யார் முந்தினார் என்றுதான் பார்க்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

அதன் பிறகு ஜெர்மானியர் ஃப்ரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ஸ 1900-களின் தொடக்கத்தில் இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து ஸீனோஃபயோஃபோர் என்ற தனிக் கூட்டமாக்கினார். டென்மார்க்கின் ஓலே டெண்டால் 1972-இல் அதுவரை தெரிந்த எல்லாவற்றையும் ஒரே நூலாகத் தொகுத்தார். ஃபொராமினிஃபெராவா, இல்லையா என்பது மட்டும் இழுபறியாகவே இருந்தது. 2003-இல் பாவ்லோவ்ஸ்கி குழு சிரிங்கம்மினாவின் ஒரு இனத்திலிருந்து மரபணு எடுத்துப் படித்தது. ஃபொராமினிஃபெராவேதான். பிராடி சொல்லி 120 வருஷம் கழித்து.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: புது இனம் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

முதல் சிக்கல் எடுப்பதே. பழைய காலத்தில் தரையைச் சுரண்டும் வலையை இழுத்தார்கள். 5 கிலோமீட்டர் மேலே வருவதற்குள் கூடு பொடியாகிவிடும். இப்போது தரையில் சதுரமாகச் சேற்றை வெட்டி எடுக்கும் பெட்டியும், இயந்திரக் கையும் உண்டு. இயந்திரக் கைக்குத் தொடு உணர்வு கிடையாது. கேமராவில் பார்த்துக்கொண்டு, அப்பளத்தை இடுக்கியால் தூக்கும் நிதானத்தில் எடுத்து மூடியுள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும். அங்கே தண்ணீரின் வெப்பம் ஒன்றரை டிகிரி போல இருக்கும். மேலே வெப்ப மண்டலக் கடல். பெட்டி கப்பல் தளத்துக்கு வந்ததும் குளிர் அறைக்கு ஓட வேண்டும்.

அங்கேதான் பெரிய முடிவு எடுக்கப்படுகிறது. கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மாதிரிதான். உடைக்காமல் வைத்தால் அழகான அருங்காட்சியகப் பொருள், ஆனால் உள்ளே உயிர் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. உடைத்தால் மரபணு கிடைக்கும், ஆனால் நாளைக்கு ஒருவர் வந்து "எங்கே அந்த இனம், காட்டு" என்றால் காட்ட எதுவும் மிஞ்சாமல் போகலாம். ஆகவே முதலில் குளிர்ந்த கடல்நீரிலேயே எல்லாப் பக்கமும் படம். பிறகு நுண்ணோக்கிக்கு அடியில் ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் உடைத்து, கறுப்புச் சரங்களை ஒதுக்கி, வெளிர் நூலை ஊசி முனையால் இழுத்து எடுத்து மரபணுவைக் காக்கும் திரவத்தில் போடுவார்கள். மீதியில் ஒரு பகுதி ஃபார்மலினுக்கு, ஒரு பகுதி காயவைக்க.

ஏன் வெளிர் நூலை மட்டும் குறிபார்த்து எடுக்க வேண்டும், ஒரு பிடியை அரைத்துவிடலாமே என்று தோன்றும். அரைத்தால் கிடைப்பது ஊரின் மரபணு. இந்தக் கூடு ஒரு சத்திரம் மாதிரி. மேலே சின்ன ஃபொராமினிஃபெராக்கள் ஒட்டியிருக்கும், பொந்துகளில் புழுக்களும் சின்ன இறால் வகைகளும் இருக்கும், கழிவில் பாக்டீரியா இருக்கும், ஒட்டிய சேற்றிலேயே செத்துப்போன எத்தனையோ உயிரிகளின் மரபணு இருக்கும். வாடகைக்கு இருப்பவரின் ஆதார் அட்டையை வீட்டுக்காரருடையது என்று எண்ணிவிடும் ஆபத்து இது. அதனால் ஒரே கூட்டில் பல இடங்களிலிருந்து நூல் எடுத்து, எல்லாம் ஒரே விடை சொல்கிறதா என்று பார்ப்பார்கள். படிப்பது பெரும்பாலும் ரைபோசோம் சார்ந்த 18எஸ் மரபணுவின் ஒரு துண்டு. ஃபொராமினிஃபெராவை மட்டும் பிடிக்கும் தூண்டில்கள் அதற்கு உண்டு.

கூட்டின் உருவத்தையும் விட்டுவிட முடியாது. எதைப் பொறுக்கி ஒட்டியிருக்கிறது, ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரிகளின் ஓடா, பஞ்சு ஊசியா, வெறும் சேறா, வெளிச் சுவரும் உட்பகுதியும் வேறு வேறா, ஒன்றா, கருப்புச் சரம் கட்டையா நீளமா, வெளிர் நூல் எவ்வளவு தடிமன், எப்படிக் கிளைக்கிறது, காம்பு உண்டா? முன்பெல்லாம் இதைப் பார்க்க உடைத்தே ஆக வேண்டும். 2018-இல் குடேயும் பிறரும் மூன்று இனங்களை மருத்துவமனை சி.டி. ஸ்கேனின் நுண்ணிய வடிவத்தில் வைத்து உடைக்காமலேயே உள்ளே ஓடும் நூல்களை முப்பரிமாணத்தில் எடுத்துக் காட்டினார்கள். உயிர்ப்பகுதி இவ்வளவு குறைவு என்று நான் மேலே சொன்னது அப்படி அளந்துதான்.

உருவமும் மரபணுவும் எப்போதும் ஒத்துப்போகும் என்றால் வேலை சுலபம். ஒத்துப்போவதில்லை. ஒரே இனம், தரையில் கிடக்கும் நோடியூல் என்ற உலோகக் கட்டி மேல் உட்கார்ந்தால் ஒரு வடிவம், சேற்றில் நின்றால் ஒரு வடிவம் என்று இருக்கலாம். தூரத்து உறவுகள் இரண்டு ஒரே தகடு வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம். மோவானம்மினாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபணு, மண்டலத்தின் கிழக்குக் கோடியில் ஏற்கெனவே எடுத்து, பெயர் வைக்காமல் "கலதியம்மினா இனம் 6" என்று எண் மட்டும் போட்டு வைத்திருந்த ஒன்றோடு அப்படியே பொருந்தியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த இரண்டும் ஒன்றே என்று மரபணுதான் சொன்னது. எண்ணாக இருந்தது புதுப் பேரினமாகி, பெயரும் பெற்றது.

பெயர் சூட்டுவதற்கென்று சடங்கு உண்டு. ஃபொராமினிஃபெரா விலங்கு இல்லை என்றாலும் பெயர் விஷயத்தில் விலங்கியல் விதிகளுக்கே கட்டுப்படுகின்றன. இதுதான் அந்தப் பெயரின் சொந்தக்காரர் என்று ஒரு மாதிரியைக் குறித்து, அதை யாரும் போய்ப் பார்க்கக்கூடிய அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். இந்த விவரிப்புப் பகுதி படிக்கச் சலிப்பாக இருக்கும். "கூடு தட்டையானது, விளிம்பு ஒழுங்கற்றது, நிறம் இளம்பழுப்பு" என்று பக்கம் பக்கமாகப் போகும். ஆனால் பிற்காலத்தில் உபயோகப்படுவது அதுதான். பிராடி எழுதியதை இன்றும் எடுத்துப் படித்துப் பொருத்திப் பார்க்க முடிகிறது.

இவ்வளவு சிரமத்தோடு வேலை நடப்பதால் எண்ணிக்கையும் மெதுவாகத்தான் ஏறுகிறது. உலகம் முழுக்க முறையாகப் பெயர் பெற்ற ஸீனோஃபயோஃபோர்கள் எண்பதைச் சுற்றித்தான். அதில் 17, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அந்த ஒரு பசிபிக் மண்டலத்தில் என்று 2020-இல் கணக்குச் சொன்னார்கள். அங்கேதான் அதிகம் வாழ்கின்றன என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. அங்கேதான் அதிகம் தேடினார்கள். தேடியதற்குக் காரணம் உலோகம்.

அந்தச் சமவெளியில் உருளைக்கிழங்கு அளவில் கறுப்பு முண்டுகள் இறைந்து கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு எல்லாம் கலந்த நோடியூல்கள். பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்ந்தவை. ஜமைக்காவில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேசக் கடல்தள ஆணையம் அங்கே துழாவ உரிமங்கள் கொடுத்திருக்கிறது. உரிமம் வாங்கியவர்கள் அடியில் என்ன வாழ்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். கிழக்குப் பகுதி உரிமப் பரப்புகளில் நடந்த அப்படிப்பட்ட கணக்கெடுப்பில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட ஸீனோஃபயோஃபோர் வகைகள் கிடைத்தன, ஏறக்குறைய எல்லாமே புதியவை. அவற்றில் மணிமாலை போலக் கோத்த உருண்டைகளாக இருந்த ஒன்றுக்கு 2017-இல் ஆஷெமோனெல்லா மோனிலே என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் மோனிலே என்றால் கழுத்தணி. மேலே சொன்ன நான்கோ உரிமம் கொடுக்காமல் ஒதுக்கி வைத்த பாதுகாப்புப் பரப்புகளில் கிடைத்தவை. அங்கே இருப்பதும் தோண்டப்போகும் இடத்தில் இருப்பதும் ஒன்றா என்று தெரிந்தால்தான் ஒதுக்கி வைத்ததற்கு அர்த்தம் உண்டா என்று சொல்ல முடியும். மோவானம்மினாவும் ஆஷெமோனெல்லாவும் இரண்டு பக்கமும் இருந்தன. மற்றவற்றுக்கு ஒரு பக்கச் சான்று மட்டுமே கையில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் இதே வேலை உண்டு. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டரில் நோடியூல் துழாவும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தன் 'வராகா' இயந்திரத்தை 2021-இல் அங்கே 5,270 மீட்டர் ஆழத்தில் தரையில் ஓட்டிப் பார்த்தது. இயந்திரம் செய்யும் வேகத்துக்குப் பெயர் வைக்கும் ஆட்கள் நம்மிடம் தேறுவார்களா என்பது என் கவலை. இந்த வேலைக்குப் பதினைந்து வருஷம் நுண்ணோக்கியில் குனிந்த கண் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உலகம் முழுக்க எடுத்தாலும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள்.

இவை போனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு தகவல் சொல்வேன். கிழக்குப் பசிபிக்கில் எடுத்த ஸீனோஃபயோஃபோர் கூடுகளைப் பிரித்துப் பார்த்த கடல் உயிரியலாளர்கள் லிசா லெவினும் கிரெக் ரௌஸும் அவற்றுக்குள் நத்தைமீன் கருக்கள் இருப்பதைக் கண்டார்கள். மீன், ஒற்றைச் செல்லின் கூட்டைத் தொட்டிலாக்கி முட்டையிட்டிருக்கிறது. ஒளிய ஒரு கல்லோ செடியோ இல்லாத சேற்றுவெளியில் இந்தக் கூடுகள்தான் ஒதுங்க இடம். சில இடங்களில் 100 சதுர மீட்டரில் 2,000 கூடுகள் வரை எண்ணியிருக்கிறார்கள்.

வளரும் வேகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. மடீரா தீவுக்கு அப்பால் ஆழ்கடல் தரையில் ஒரு கேமராவை எட்டு மாதம் நிறுத்தி, விட்டு விட்டுப் படம் எடுத்தார்கள். முடிவு 1993-இல் வந்தது. கூடுகள் மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் கிடந்தன. திடீரென்று இரண்டு மூன்று நாளில் பெருத்தன. மறுபடி இரண்டு மாதம் சும்மா. தள்ளித் தள்ளி இருந்த கூடுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இப்படிச் செய்தன. எட்டு மாதத்தில் கன அளவு மூன்று முதல் பத்து மடங்கு ஆனது. எதைப் பார்த்து எல்லாம் ஒன்றாக எழுந்தன என்பதற்கு இன்றுவரை நல்ல விடை இல்லை. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாமே என்றால், ஒருவராலும் இவற்றை வளர்க்க முடிந்ததில்லை.

கடைசியாக, அதே 2018 பயணத்தில் ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அந்த நான்கையும் விட எனக்கு அதுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. உருண்டையான சேற்றுப் பந்து. நீங்கள் சொன்ன மண்கட்டியேதான். மரபணுத் துண்டு அதிலிருந்து ஒழுங்காகக் கிடைத்தது. படித்துப் பார்த்தால் அதுவரை தெரிந்த எதனோடும் சேராத, புத்தம் புதிய ஸீனோஃபயோஃபோர். ஆனால் கூடு கரைந்து உதிர்ந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க உருப்படியாக ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் முறைப்படி விவரிக்கவும் முடியவில்லை, பெயர் வைக்கவும் முடியவில்லை. கட்டுரையில் அதைச் சேற்றுப் பந்து என்றே குறித்திருக்கிறார்கள். இன்னொரு கப்பல் போய் இன்னொன்றை உடையாமல் எடுத்து வரும்வரை அதன் பெயர் அதுதான்.